விமானம் ஏறுமுன் சாப்பாடு: வயிற்றின் கணக்கு

விமானம் ஏறுவதற்கு முன் உண்ணும் உணவு, தரையில் உண்டு வானத்தில் செரிக்கும் உணவு. உண்ணும்போது உடலைச் சூழ்ந்திருக்கும் காற்றழுத்தம் ஒன்று, செரிக்கும்போது இருப்பது வேறொன்று. காற்றின் ஈரம், சுற்றியுள்ள இரைச்சல், உடல் அசையும் அளவு ஆகியவையும் சில மணி நேரத்துக்குள் மாறிவிடுகின்றன. விமான நிலைய உணவகத்தில் அமர்ந்து சாப்பிட்ட இட்லியும், அதற்கு முன் வழியில் சாப்பிட்ட வடையும் இந்த மாற்றத்தைக் குடலின் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி சந்திக்கின்றன.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பயணிகளிடம் இதைத் தெளிவாகக் காணலாம். புதுச்சேரி விமான நிலையம் இரண்டு ஊர்களுக்கும் சுமார் 40 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. ஆனால் அங்கிருந்து சில நகரங்களுக்கு மட்டுமே விமானம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் செல்பவர்கள் சென்னை மீனம்பாக்கத்துக்குத்தான் வரவேண்டும். விழுப்புரத்தில் இருந்து அது சுமார் 140 கி.மீ., திண்டிவனத்தில் இருந்து சுமார் 100 கி.மீ. ரயிலில் வந்தால் விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலத்தில் இறங்கலாம். காரில் வந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளைக் கடந்து வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். வெளிநாட்டு விமானம் என்றால் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்துவிடச் சொல்கிறார்கள். ஆக, வீட்டு வாசலைத் தாண்டியதில் இருந்து விமானம் தரையை விட்டு எழும்பும் வரை ஆறு மணி நேரம் போய்விடுகிறது. அதற்குள் ஊரில் ஒரு வேளை, வழியில் ஒரு சிற்றுண்டி, விமான நிலையத்தில் ஒரு சாப்பாடு என்று மூன்று முறை வாய் அசைகிறது. வானத்தில் வயிறு எப்படி இருக்கும் என்பதை இந்த மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஊட்டி உயரத்தில் ஓர் இருக்கை

பெரிய பயணிகள் விமானங்கள் ஏறக்குறைய 35,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் கால் பங்குதான். அதில் மனிதர் உயிர் வாழ முடியாது என்பதால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆனால் தரையில் உள்ள அழுத்தம் முழுவதையும் உள்ளே வைத்திருப்பதில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வேறுபாடு கூடினால் விமானத்தின் உடற்கூடு அதைத் தாங்கும்படி இன்னும் தடித்ததாக, எடை மிக்கதாக இருக்கவேண்டும். எனவே நடுவழி ஒன்றை வகுத்திருக்கிறார்கள். இயல்பான பறத்தலில் உள்ளே இருக்கும் அழுத்தம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. உதகமண்டலத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர். விமானத்துக்குள் அமர்ந்திருப்பவர் அழுத்தக் கணக்கில் ஊட்டியைவிடச் சற்று உயரமான மலையில் அமர்ந்திருக்கிறார். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்கள் இதைச் சுமார் 6,000 அடியில் நிறுத்துகின்றன. அது குன்னூர் உயரம்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலைப்பாதை ஏற ஏற ஊதிப் புடைப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு அதே விகிதத்தில் கூடும் என்று 1662-ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் வகுத்த விதிதான் அங்கே வேலை செய்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1,013 மில்லிபார். 8,000 அடியில் சுமார் 753 மில்லிபார். தரையில் ஒரு லிட்டராக இருந்த வாயு அங்கே ஏறக்குறைய 1.35 லிட்டராகிறது. குடலுக்குள் நீராவியும் கலந்திருப்பதால் விரிவு இன்னும் சற்றுக் கூடும்.

நலமாக இருப்பவரின் வயிற்றிலும் குடலிலும் எந்த நேரத்திலும் 100 முதல் 200 மில்லிலிட்டர் வாயு இருக்கும். அது மூன்றில் ஒரு பங்கு விரிவதால் மட்டும் பெரிய தொல்லை வந்துவிடாது. விரியும் வேகமும், விரிவதற்கு இருக்கும் இடமும்தான் தொல்லையைத் தீர்மானிக்கின்றன. ஊட்டிக்குப் பேருந்தில் ஏற மணிக்கணக்கில் ஆகும். வாயு வெளியேற வேண்டிய நேரம் கிடைக்கும். விமானத்தில் அதே ஏற்றம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த நேரம் முழுவதும் பயணி இடுப்பை மடித்து, பெல்ட்டைப் போட்டு அமர்ந்திருக்கிறார். வயிறு ஏற்கெனவே நிறைந்திருந்தால் விரியும் வாயு மேலே உதரவிதானத்தை அழுத்துகிறது. மூச்சு முழுதாக இழுக்க வரவில்லை, நெஞ்செரிகிறது, வயிறு உப்பிவிட்டது என்று பயணிகள் சொல்லும் பல குறைகளுக்கும் இந்த அழுத்தம் ஒரு காரணம்.

செரிமானக் கடிகாரம்

வயிற்று வாயு மூன்று வழிகளில் சேர்கிறது. உண்ணும்போதும் பேசும்போதும் விழுங்கும் காற்று ஒன்று. சோடா, கோலா போன்ற பானங்களில் கரைந்திருக்கும் கரியமில வாயு இரண்டாவது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் உணவின் மிச்சத்தை நொதிக்கச் செய்யும்போது உண்டாவது மூன்றாவது. முதல் இரண்டும் உண்ட உடனே வயிற்றில் இருக்கும். மூன்றாவது பல மணி நேரம் கழித்துத்தான் வரும். பயணத் திட்டத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தத் தாமதம்தான்.

வெறும் தண்ணீரில் பாதி ஏறக்குறைய இருபது நிமிடத்துக்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். திட உணவு அப்படியல்ல. இரைப்பை முதலில் அதைக் கூழாக அரைக்கவேண்டும். ஒரு நடுத்தரச் சாப்பாட்டில் பாதி வெளியேறச் சுமார் இரண்டு மணி நேரமும், ஏறக்குறைய முழுவதும் வெளியேற நான்கு மணி நேரமும் ஆகும். எண்ணெயும் நெய்யும் மிகுந்தால் இன்னும் தாமதமாகும். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் கோலிசிஸ்டோகினின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பையின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. இரவிலும் இரைப்பை காலையைவிட மெதுவாகவே காலியாகிறது. அதன்பின் சிறுகுடலைக் கடக்க மேலும் சில மணி நேரம் ஆகும். மொத்தத்தில், உண்ட உணவின் மிச்சம் பெருங்குடலை எட்டி, அங்கே வாயு உண்டாகத் தொடங்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கிறது.

நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க விழுப்புரத்தில் மாலை 6 மணிக்குப் புறப்படுபவருக்கு இந்தக் கடிகாரத்தைப் பொருத்திப் பார்க்கலாம். புறப்படும்போது சாப்பிட்ட கொண்டைக்கடலைச் சுண்டலும் மெதுவடையும் இரவு 10 முதல் 12 மணிக்குள் பெருங்குடலை அடையும். விமானம் மேலே ஏறி அழுத்தம் குறையும் நேரமும், நொதித்தல் மும்முரமாகும் நேரமும் ஒன்றாக வந்து சேரும். விமான நிலைய உணவகத்தில் இரவு 10 மணிக்குச் சாப்பிட்டதோ அப்போது பாதிக்கு மேல் இரைப்பையிலேயே இருக்கும். சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அந்தச் சாப்பாட்டின் பெரும்பகுதி பெருங்குடலைத் தொடுவதற்குள் விமானம் தரையிறங்கத் தொடங்கியிருக்கும். மூன்று மணி நேரத்துக்குள் முடியும் டெல்லிப் பயணத்தில் அது பெரும்பாலும் தொடாது.

ஆகவே வானத்தில் குடலில் வாயுவை உண்டாக்குவது பெரும்பாலும் ஊரில் அல்லது வழியில் சாப்பிட்டது. வயிற்றை இறுக்கமாக்குவது விமான நிலையத்தில் சாப்பிட்டது. முதலாவதில் கவனிக்கவேண்டியது எதைச் சாப்பிடுகிறோம் என்பது. இரண்டாவதில் எவ்வளவு, எத்தனை எண்ணெயோடு, எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறோம் என்பது.

உளுந்து ஒன்று, விளைவு இரண்டு

பயறு, பருப்பு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சிறு சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. இவற்றை வெட்டத் தேவையான ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி மனிதரின் சிறுகுடலில் இல்லை. எனவே அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலரிடம் மீத்தேன் ஆகியவற்றை வெளிவிடுகின்றன. இது நோயல்ல, குடல் நலத்துக்கு நல்லதே. சாதாரண நாளில் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்த வாயுதான் 8,000 அடி அழுத்தத்தில் இடம் தேடுகிறது.

சமைக்கும் முறை இதைப் பெரிதும் மாற்றும். கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். மாவைப் புளிக்கவைத்தால் லியூகோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் அவற்றில் ஒரு பகுதியை முன்கூட்டியே தின்றுவிடும். இட்லியிலும் மெதுவடையிலும் இருப்பது ஒரே உளுந்துதான். ஆனால் இட்லி மாவு புளித்தது, அரிசி மிகுந்தது, ஆவியில் வெந்தது. வடை மாவு பெரும்பாலும் புளிக்காதது, எண்ணெயில் பொரிந்தது. வாயு, எண்ணெய் இரண்டு கணக்கிலும் பயணத்துக்கு முந்தைய தட்டில் இட்லிக்கே முதலிடம்.

இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்று சொல்லப்படும் நிலக்கடலையும் வழித்துணைத் தின்பண்டம். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த நிலக்கடலை ரகங்கள் அந்த ஊரின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்றே அழைக்கப்படுகின்றன. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 ஆகியவை உழவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்கள். நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை நெடுநேரம் பசி தாங்கும். ஆனால் இரைப்பையை விட்டு மெல்லத்தான் இறங்கும். அதுவும் பயறுக் குடும்பத்துச் செடியே என்பதால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் அதில் உண்டு. விமானத்துக்குள் இன்னொரு கவனமும் தேவை. நிலக்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிர் ஆபத்து வரை போகும். அதனால் பல விமான நிறுவனங்கள் பயணிகளுக்குக் கடலைப் பொட்டலம் கொடுப்பதையே நிறுத்திவிட்டன.

பாலையும் இந்த வரிசையில் சேர்க்கவேண்டும். தென்னிந்தியாவில் வளர்ந்தவர்கள் பலருக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு. செரிக்காத லாக்டோஸும் பெருங்குடலில் நொதித்து வாயுவாகும். தயிரில் அதன் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே புளிப்பாக மாற்றிவிட்டதால் தயிரும் மோரும் பாலைவிட எளிதாக ஒத்துப்போகின்றன. ஜி.எஸ்.டி. சாலை நெடுக நிற்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ப் பலகைகளின் கீழே குடிக்கும் ஒரு டம்ளர் காபியில் உள்ள பால் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. ஆனால் காபி சிலருக்குச் சில நிமிடங்களிலேயே பெருங்குடலை அசைத்து, கழிப்பறையைத் தேடவைக்கும். அப்படிப்பட்ட உடல்வாகு உள்ளவர்கள் விமானத்தில் ஏற அழைக்கும் நேரத்தைவிட அதற்கு ஒரு மணி நேரம் முன்பே காபியை முடித்துக்கொள்வது நல்லது.

நாக்கு மாறும் இடம்

வானத்தில் கொடுக்கும் உணவுக்காகக் காத்திராமல் தரையிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுபவர்கள் பலர். சுவையைப் பொறுத்தவரை அவர்களின் முடிவுக்கு அறிவியல் காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. கடலோரச் சென்னையில் அது 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வறண்ட காற்றில் மூக்கின் உட்தோல் காய்கிறது. சுவை என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி மணம் என்பதால் உணவு சப்பென்று ஆகிறது.

லுப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் இதைச் சோதித்தது. ஹோல்ஸ்கிர்ஷன் என்ற ஊரில், குறைந்த அழுத்தக் கூடத்துக்குள் வைத்த ஏர்பஸ் ஏ310 விமானத்தின் உடற்பகுதியில் ஆட்களை அமரவைத்து உணவு கொடுத்தார்கள். உப்பை உணரும் திறன் 20 முதல் 30 விழுக்காடும், இனிப்பை உணரும் திறன் 15 முதல் 20 விழுக்காடும் குறைந்தது தெரிந்தது. இரைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விமான இரைச்சலுக்கு இணையான 85 டெசிபல் ஒலியைக் கேட்கவைத்துச் சுவையைச் சோதித்தார்கள். இனிப்பு மங்கியது, தக்காளி, காளான் போன்றவற்றில் உள்ள உமாமி என்னும் சுவை கூடுதலாகத் தெரிந்தது. விமானத்தில் பலர் தக்காளிச் சாறு கேட்பதற்கு இது ஒரு விளக்கம். தக்காளி ரசம் வானத்திலும் ரசமாகவே இருக்கும். பாயசத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

விமானத்தில் பரிமாறும் உணவைத் தரையிலேயே சமைத்து, குளிரவைத்து, மேலே கொண்டுபோய் மீண்டும் சூடாக்குகிறார்கள். அந்தச் சப்பென்ற சுவையை ஈடுகட்டத்தான் அதில் உப்பும் மசாலாவும் சற்றுத் தூக்கலாகச் சேர்ப்பது உண்டு. அந்த உப்பு மறுபடி தாகத்தை எழுப்பும். மெல்லிய மணமும் சரியான பதமும் கொண்ட உணவை உண்ணவேண்டும் என்றால் அதற்கு இடம் தரைதான்.

கட்டுச்சோறும் பாதுகாப்பும்

விமான நிலையத்தில் விலை அதிகம் என்பதால் வீட்டில் இருந்தே சோறு கட்டிவருவதும் வழக்கம். திண்டிவனம் என்ற பெயருக்குத் ‘திந்திரிணி வனம்’, அதாவது புளியங்காடு என்று மூலம் சொல்வார்கள். கட்டுச்சோற்றில் புளியோதரைக்குக் கிடைத்த முதலிடம் அறிவியலுக்கும் பொருந்துகிறது. வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி உயிரோடு இருக்கும். சோறு 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் பல மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவை விடும் ஒரு வகை நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், உப்பு, தண்ணீர் வற்றக் காய்ச்சிய எண்ணெய்க் குழம்பு ஆகிய மூன்றும் அந்தப் பெருக்கத்தைத் தடுக்கின்றன. புளிக்காமல் இருக்கட்டும் என்று தயிரைக் குறைத்துப் பாலை அதிகம் ஊற்றிப் பிசைந்த தயிர்ச்சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு தொடக்கத்தில் குறைவு. கோடையில் மூடிய காருக்குள் கிடந்த வெறும் சோற்றையும் முட்டையையும் விமான நிலையத்தில் பிரித்து உண்பது வேண்டாத துணிச்சல்.

இன்னொரு தடை விதிகளில் இருந்து வருகிறது. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மங்களை அனுமதிப்பதில்லை. சாம்பாரும் மோரும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. அவற்றோடு சாப்பிட வேண்டியவற்றைச் சோதனைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

உணவு நஞ்சாதல் வானத்தில் எவ்வளவு பெரிதாகும் என்பதை 1975 பிப்ரவரியில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இருந்து கோபன்ஹேகன் சென்ற ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 344 பயணிகள் இருந்தார்கள். காலை உணவாகக் கொடுத்த ஹாம் ஆம்லெட்டைச் சாப்பிட்டதில் 197 பேர் நோயுற்றார்கள். சமையல்காரர் ஒருவரின் விரலில் இருந்த புண்ணில் இருந்து ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா உணவில் கலந்திருந்தது. உணவு குளிரூட்டாமல் கிடந்த நேரத்தில் அது பெருகி நச்சை விட்டிருந்தது. சூடாக்கியும் நச்சு அழியவில்லை. விமானிகள் அந்த உணவை உண்ணாததால் விமானம் பத்திரமாக இறங்கியது. விமானியும் துணை விமானியும் வெவ்வேறு உணவை உண்ணும் நடைமுறையின் தேவையை இது அழுத்தமாக உணர்த்தியது. பயணிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விமான நிலைய உணவகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெதுவெதுப்பாக இருக்கும் பண்டத்தைவிட, கேட்டபின் சுட்டுத் தரும் தோசையும் ஆவி பறக்க வரும் இட்லியும் பாதுகாப்பானவை.

மேசையில் அமர்ந்து

விமான நிலையத்தில் நின்றபடி அவசரமாக விழுங்குவதைவிட அமர்ந்து உண்பது மேல். வேகமாக விழுங்கும் ஒவ்வொரு கவளத்தோடும் காற்று உள்ளே போகிறது. போதும் என்ற நிறைவு மூளைக்கு எட்டச் சுமார் இருபது நிமிடம் ஆகும் என்பதால் அவசரத்தில் தேவைக்கு மேல் உண்பதும் எளிது. உள்நாட்டு விமானங்களில் ஏறும் வாயிலைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள். உணவு வர ஆகும் நேரம், உண்ணும் நேரம், வாயிலுக்கு நடக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் புறப்பாட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பாவது மேசையில் அமரவேண்டும். அந்த இடைவெளியில் உணவின் கணிசமான பகுதி இரைப்பையை விட்டு இறங்கியிருக்கும்.

அந்த நேரத்துக்கு ஏற்றவை இட்லி, இடியாப்பம், ரசம் சோறு, மோர்ச் சோறு போன்றவை. பூரி, பரோட்டா, பிரியாணி ஆகியவற்றில் கொழுப்பு அதிகம்; அளவு சிறிதாக இருந்தால் தவறில்லை. குப்பி பானங்களைத் தவிர்க்கவேண்டும். 330 மில்லிலிட்டர் கோலாவில் ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு கரைந்துள்ளது. அதில் பெரும்பகுதி ஏப்பமாகவும் இரத்தத்தில் கலந்தும் போய்விடும். மிஞ்சுவது விமானத்தோடு மேலே ஏறும். குமட்டல் வரும் வழக்கம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் ஏறக்கூடாது. பலருக்கு இஞ்சி உதவுகிறது. மதுவையும் தவிர்க்கவேண்டும். 8,000 அடி அழுத்தத்தில் இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு ஏற்கெனவே சுமார் 4 புள்ளி குறைகிறது. மது குடித்துவிட்டு உறங்கினால் அது மேலும் சரிகிறது.

விலையைப் பொறுத்தவரை ஒரு மாற்று வந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 27 அன்று சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ திறக்கப்பட்டது. அங்கே தேநீரும் குடிநீரும் 10 ரூபாய், காபியும் சமோசாவும் 20 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

சிலருக்குப் பொது விதி போதாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், விமானம் தாமதமாகும் வாய்ப்பை எண்ணி, உணவு கைக்கு வந்த பிறகே ஊசியைப் போடவேண்டும். அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களின் குடலிலோ வயிற்றறையிலோ வாயு தங்கியிருக்கலாம். அது விரிந்தால் தையலை இழுக்கும் என்பதால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் பறக்கக்கூடாது.

இவற்றை எல்லாம் மீறிச் சாப்பிட்டவரின் வயிற்றிலும் பாயில் விதி ஒருதலையாக நடப்பதில்லை. விமானம் இறங்கத் தொடங்கியதும் உள்ளே அழுத்தம் படிப்படியாகக் கூடுகிறது. மேலே குடித்துவிட்டு மூடிவைத்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் தரையிறங்கும்போது நசுங்கிக் கிடக்கும். குடலில் விரிந்திருந்த வாயுவும் அதே கணக்கில் சுருங்கிவிடுகிறது.